ரேடியோ அக்கா கேட்ட கேள்வி

“குழந்தையை விடு, நீ எப்படிம்மா இருக்கே?” என்று ரேடியோ அக்கா கேட்டபோது பயிற்சி அறையே சிரித்தது. பிள்ளை பெற்ற பெண்களின் மனநலம் பற்றி நர்சுகளுக்கு நடந்த வகுப்பு அது. நடித்துப் பழகும் பயிற்சியில், வாய் ஓயாததால் ‘ரேடியோ’ என்று பெயர் வாங்கிய அந்த மூத்த நர்சுக்கு நர்ஸ் வேடமே கிடைத்தது. பிரசவ விடுப்பு முடிந்து அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்த இளையவளுக்குத் தாய் வேடம். மடியில் ஒரு துணிப் பொம்மை.

“கேட்டுட்டு சும்மா இருக்கணும். புத்தி சொல்லக் கூடாது” என்றார் வகுப்பெடுத்த டாக்டர்.

“அப்ப அக்கா வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிட்டு வாங்க டாக்டர்!” என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். இளையவள் பொம்மையின் சட்டையை இழுத்து இழுத்து விட்டாள்.

“இவ அழுதா எனக்குப் பயமா இருக்குக்கா. யார் வீட்டுப் பிள்ளையோன்னு தோணுது. வீட்ல யார்கிட்டயும் சொல்லல.”

“என்னமா நடிக்கிறா!” என்று எல்லோரும் கைதட்டினார்கள். இளையவளும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அக்கா மட்டும் கைதட்டவில்லை. பொம்மையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இளையவளின் கையைப் பிடித்து எழுப்பி, டாக்டரையும் வரும்படி கண்ணால் அழைத்துவிட்டு, வாயே திறக்காமல் அவளோடு வெளியே போனாள்.