கள்ள வயிறு யாருடையது

"அந்தப் புத்தகத்தக் காட்டுங்க சிஸ்டர்" என்றேன்.

மடத்துச் சுவரில் பதித்திருக்கும் மரச் சுழல்பெட்டியிடம் அப்படி எதுவும் கேட்கவே கூடாது. வேலையில் சேர்ந்த அன்றே முதலாளி அடெலினோ போட்ட சட்டம் அது. மணி அடி, எத்தனை டப்பா என்று சொல், பெட்டி சுழன்று இனிப்பு வரும், எடுத்துக்கொண்டு நகரு. பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கன்னியாஸ்திரியின் முகம் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

இரண்டு வருடம் அப்படித்தான் நகர்ந்தேன். எங்கள் எவோரா நகரத்தின் இனிப்பையும் பழைய அசிங்கக் கதைகளையும் சேர்த்து விற்கிற நடைச் சுற்றுலாவில் நான் வழிகாட்டி. கையில் சிவப்புக் குடை. ஆறு நிறுத்தம், ஆறு கதை. ஐந்தாவது நிறுத்தம் இந்த மடம். இங்கே சொல்ல வேண்டிய கதை இது: 1744இல் மேசியா என்ற கன்னியாஸ்திரி பிஷப்பின் அண்ணன் மகனோடு பழகி வயிற்றில் வாங்கிக்கொண்டாள், ஊரைவிட்டே துரத்தினார்கள், அதனால்தான் இந்த மஞ்சள்கரு இனிப்புக்குக் 'கள்ள வயிறு' என்று பெயர். அந்த இடத்தில் கண்ணடிக்க வேண்டும் என்று அடெலினோ எழுதியே கொடுத்திருந்தார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான், அதுவும் வரலாற்றில். தினமும் கண்ணடித்தேன்.

அன்றும் கண்ணடித்தேன். பெட்டிக்குப் பின்னாலிருந்து மூக்கால் சிரிக்கும் சத்தம் வந்தது. அந்த வாரத்தில் மூன்றாவது தடவை. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"நீ தப்பாச் சொல்ற, மகளே. எங்க மடத்துப் புத்தகத்துல வேற மாதிரி இருக்கு."

அப்போதுதான் புத்தகத்தைக் காட்டச் சொன்னேன்.

"ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டே இருந்தீங்களே, அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"உனக்கு முன்னாடி இருந்தவனையும் சேத்தா பதினோரு வருஷம். பெட்டிகிட்ட உக்காந்திருக்கறவ முதல்ல வாயத் திறக்கக் கூடாது. கேட்டா பதில் சொல்லலாம். நீங்க ஒருத்தரும் எதையும் கேக்கல."

பெட்டி கிறீச்சிட்டுச் சுழன்றது. இனிப்பு டப்பாக்களின் மேல் தோல் அட்டை போட்ட ஒரு தடிப் புத்தகம் இருந்தது. அந்தக் காலக் கையெழுத்தைப் படிக்கக் கல்லூரியில் மூன்று பருவம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்று போர்ட்டோ நகரத்திலிருந்து சுற்றுலா வந்திருந்த ஒன்பது பேருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தேன்.

மேசியா சமையலறையில் முட்டை உடைக்கிறவள், பத்தொன்பது வயது. பிஷப்பின் அண்ணன் மகன் திருட்டுத்தனமாக மடத்துக்குள் வரப் பார்த்துச் சுழல்பெட்டிக்குள் புகுந்து, பாதிச் சுழலில் மாட்டிக்கொண்டான். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் ஆள் கூப்பிடுகிறேன் என்றாள் மேசியா. மாட்டேன் என்றான். வந்த விருந்தாளியைப் பட்டினி போடக் கூடாது என்பது மடத்து விதி. ஆகவே நாளுக்கு நாற்பது இனிப்பு வீதம் மூன்று நாள் ஊட்டினாள். வயிறு உப்பிப்போய் அவனால் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. நாலாம் நாள் ஊரே நின்று வேடிக்கை பார்க்கத் தச்சர் வந்து பெட்டியை அறுத்தார். தன் குடும்பத்தைப் பார்த்து ஊரைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்ததற்காகப் பிஷப் அவளை வேறு ஊர் மடத்துக்குத் தள்ளினார். அங்கே சமையலறைக்குத் தலைவியாகி எண்பத்தொரு வயது வரை இருந்தாள்.

கூட்டத்தில் தொந்தி பெருத்த ஒருவர் பெட்டியருகே போய் அளவு பார்த்தார். "நான் நுழைவேனா?"

"நுழைங்க. அறுக்க நான் ஆள் கூப்பிட மாட்டேன்" என்றாள் அவர் மனைவி.

உள்ளேயும் சிரித்தார்கள், ஒருவரல்ல, நாலைந்து பேர். புத்தகத்தைத் திருப்பி வைத்தேன்.

"நாளைக்கும் கேப்பேன் சிஸ்டர்."

"கேளு. கேட்டாத்தான எங்களால சொல்ல முடியும்."

கடைசி நிறுத்தம் அடெலினோவின் இனிப்புக் கடை. தொந்திக்காரரின் மனைவி நேரே போய், "அப்ப இது அந்தப் பையனோட வயிறா?" என்று அடெலினோவிடமே கேட்டுவிட்டாள். அவர்கள் காப்பிக்கு உட்காரும் வரை சிரித்த முகமாக இருந்தவர் என்னை ஓரமாக அழைத்தார்.

"டாக்டரம்மா, உன்ன யாரு கேக்கச் சொன்னது?"

பட்டம் வாங்கிய யாரையும் எங்கள் ஊரில் டாக்டர் என்பார்கள். இவர் சொன்னால் மட்டும் வசவு.

"யாரும் சொல்லல முதலாளி. மேசியா பேர நாறடிச்சுக்கிட்டிருந்தோம்."

"செத்துப்போனவளுக்கு என்ன நாத்தம்? இந்த டப்பாவப் பாரு." கர்ப்பிணிக் கன்னியாஸ்திரி கண்ணடிக்கும் படம். "காதல்தான் விக்கும். மாட்டிக்கிட்டு முழிச்சவன் விக்க மாட்டான்."

"அரை மணி நேரம் சிரிச்சாங்க. நீங்க எழுதிக் குடுத்ததுக்கு ஒருத்தரும் சிரிச்சதில்ல."

"நாளைக்குப் பழைய கதையச் சொல்லு. இல்லேன்னா குடைய வெச்சிட்டுப் போ."

காப்பி குடித்தவர்களின் பேச்சையும் எங்கள் சண்டையையும் அடுக்களை ஜன்னல் வழியே அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். பதினாறு வருடமாக இந்தக் கடைக்கு முட்டை உடைக்கிறாள். குடை நிழல்ல, வெயில் படாத வேலை கிடைச்சிருக்கு, வாயை அடக்கு என்று என்னிடம் தினமும் சொல்கிறவளும் அவள்தான்.

"ஏண்டி, அந்தப் பொண்ணு முட்ட உடைக்கறவளா?"

"ஆமாம்மா."

"எத்தன ஊட்டினா?"

"ஒரு நாளைக்கு நாப்பது."

அம்மா ஒரு முட்டையைத் தட்டிக் கருவைப் பிரித்தாள். "பத்தாது. அறுபது ஊட்டியிருக்கணும்."

அடெலினோ அவள் பக்கம் திரும்புவதற்குள் நான் சிவப்புக் குடையைக் கண்ணாடி அலமாரி மேல் வைத்தேன்.

"வெயில் கொளுத்துது, டாக்டரம்மா. குடையில்லாம எங்க போற?" என்றார் அடெலினோ.

"மடத்துக்கு. மிச்சப் பக்கத்தையும் படிக்க நாளைக்கு எத்தன மணிக்குப் பெட்டியத் திறப்பாங்கன்னு கேக்கணும்."

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தேன்.