வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

“யாரும் தாழ்ப்பாளைத் தொடாதீங்க! கைரேகை போயிடும்!” என்று பெரியப்பா கத்துவதற்குள் கடைத்தெருவில் பாதிப் பேர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டிருந்தார்கள். பெரியப்பாவே இருமுறை தொட்டிருந்தார்.

மகன் நடத்தும் போட்டோ ஸ்டுடியோவின் பின்னறையில் அப்பாவின் உடலைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில், விழுந்ததில் பட்ட காயம். மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த மருமகள், வெளியே போட்டிருந்த தாழை நீக்கி அந்த அறைக் கதவை இழுத்தபோது அவர் வாசற்படியிலேயே சுருண்டு கிடந்தார்.

பெரியப்பா கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் சாட்சிகளின் பெயரை மும்முறை கூவியதில் தான் பாதி நீதிபதி ஆகிவிட்டதாக ஒரு நினைப்பு. “உள்ளே ஆளு, வெளியே தாழு. கொலைதான்!” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். மில் மூடியதிலிருந்து கொட்டாவிக்கு மட்டுமே வாய் திறந்த ஊர் அது. கொலை என்றதும் நோயாளிகள்கூட எழுந்து வந்துவிட்டார்கள்.

மகன் சுவரோடு ஒட்டி நின்றான். தாழைப் போட்டது அவன்தான்.

மில் போனபின் அப்பாவுக்கு ஸ்டுடியோ வாசல்தான் உத்தியோகம். வருகிறவர்களிடம், “இவன் எடுத்தா உங்க மூஞ்சி உங்களுக்கே அடையாளம் தெரியாது. பக்கத்து ஊருக்குப் போங்க” என்று உண்மையைச் சொல்லிவிடுவார். இன்று காலை ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். வெகுநாள் கழித்துக் கிடைத்த வேலை. அரைமணி நேரம்தானே என்று அப்பாவைப் பின்னறையில் விட்டுத் தாழைப் போட்டான். அவர்களோ மண்டபத்தைக் காட்டக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காரில் ஏறியவன் அப்பாவை மறந்தே போனான். திரும்பி வந்தால் வாசலில் கூட்டம். “என்னாச்சு?” என்று கேட்டுத் தொலைத்தான். கேட்டபிறகு எதைச் சொல்வது?

“பக்கத்துக் கடை டெய்லரை விசாரிங்க சார்,” என்று பெரியப்பா அப்போதுதான் வந்த சப்-இன்ஸ்பெக்டரின் காதில், தெருமுனைவரை கேட்கும்படி ரகசியம் சொன்னார். “நேத்து கேரம் ஆட்டத்துல ‘உன்னை ஒழிச்சுடுவேன்’னு சொன்னானா இல்லையா?”

“சொன்னேங்க,” என்றார் டெய்லர். “செவப்புக் காயைத் திருடிட்டாரு. தினமும் திருடுவாரு. தினமும் சொல்வேன்.”

“இன்னைக்கு அவரைப் பார்த்தீங்களா?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

“பாக்கல சார். சுவத்தைத் தட்டினாரு. ஆட்டத்துக்குக் கூப்பிடறாருன்னு நெனச்சேன். வேலை இருக்குன்னு நானும் பதிலுக்குத் தட்டினேன்.” கழுத்து டேப்பை எடுத்துச் சுருட்டினார். “விடாம தட்டினாரு. நான் மெஷினை வேகமா ஓட்டிட்டேன்.”

“பாத்தீங்களா, ஒத்துக்கிட்டான்!” என்றார் பெரியப்பா.

“சரி, ஸ்டேஷன் வரைக்கும் வாங்க.”

டெய்லர் குனிந்து செருப்பைத் தேடினார். வேறு யாராவது வாயைத் திறப்பார்கள் என்று மகன் பார்த்துக்கொண்டிருந்தான். டெய்லர் ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டார். இன்னொன்று கூட்டத்தின் காலடியில் எங்கோ இருந்தது. யாரும் விலகவில்லை.

“தாழ் போட்டது நான்தான்.”

“யாரு? சத்தமா சொல்லு!” என்றார் பெரியப்பா, பழைய தொழில் பழக்கத்தில்.

இரண்டாம் முறை சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. “நான்தான் பெரியப்பா. பார்ட்டி வந்தாங்க. அவங்ககிட்ட அப்பா எதையாவது சொல்லிடுவாருன்னு… அப்புறம் மறந்துட்டேன்.”

“அட, இவ்வளவுதானா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் கலையத் தொடங்கியது. பெரியப்பா வாடிக்கையாளர்கள் உட்காரும் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். “அவன் என் தம்பிடா,” என்றார். அன்று முழுவதும் அந்த விவரம் அவருக்கே ஞாபகம் வந்திருக்கவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். “காரியம் முடிச்சுட்டு வந்து எழுதிக் குடுங்க,” என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல்.

மருமகள் தட்டில் தண்ணீர் கொண்டுவந்தாள். முதல் டம்ளர் டெய்லருக்கு. பிறகு சப்-இன்ஸ்பெக்டருக்கு, பெரியப்பாவுக்கு. புருஷனருகே வந்தபோது தட்டில் இன்னும் ஒன்று இருந்தது. அவன் கையை நீட்டினான். அவள் நடையை நிறுத்தாமல் உள்ளே போனாள்.

நீட்டிய கையைக் கொண்டுவந்து அவன் சட்டைப் பித்தானைச் சரிசெய்தான். அது சரியாகத்தான் இருந்தது.