வரிசையில் நின்ற சொல்

எங்கள் ஊரில் எல்லோருக்குள்ளும் ஓடுவது, கணினிகளில் இருக்கும் மைய நிரலான லினக்ஸ் கெர்னல்தான். மூச்சும் பசியும் அதிலேயே அடக்கம். மற்றவற்றை மாட்யூல் என்ற தனித்தனி நிரல் துண்டுகளாக ஏற்றிக்கொள்ள வேண்டும். சைக்கிள் ஓட்ட ஒன்று, மாமனாரைப் பார்த்துச் சிரிக்க ஒன்று. நம் பேச்சைக் கொண்டுசேர்க்க, ஆளுக்கு ஆள் நெட்வொர்க் டிரைவர் என்று தனித்தனி மாட்யூல்.

போன மாதம் எனக்குக் கெர்னலைப் புதுப்பித்தார்கள். என் மனைவி மரகதத்துக்கான டிரைவர் மட்டும் பழைய பதிப்பு, ஒத்துப்போகவில்லை. அவள் பேசுவது எனக்குக் கேட்டது. நான் பேசுவது உள்ளேயே வரிசையில் நின்றுகொண்டது. பதினொரு நாள் நான் இதைக் கவனிக்கவில்லை. பதில் வராதது எங்கள் வீட்டில் புதிதல்ல.

அப்போதுதான் அவளுக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்தது. "போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இருந்துடறேன்" என்றாள். சொன்னேன். மனதாரச் சொன்னேன். அவள் காதில் அது விழவில்லை; பெட்டியில் புடவைகளை அடுக்கத் தொடங்கினாள். சீட்டில் எழுதிக் காட்டியிருக்கலாம். பதினாறு வருடத்தில் அப்படி ஒரு பழக்கம் எங்களுக்கு இல்லை.

மாட்யூல் அலுவலகத்துக்கு ஓடினேன். அதிகாரி ஷமீமா என்னைச் சோதித்தார்.

"வலுக்கட்டாயமா ஏத்தலாம் சார். ஆனா உங்க கெர்னல்ல கறைன்னு பதிவாகும். அப்புறம் உங்க புகார் எதையும் நாங்க கேக்க மாட்டோம்."

"இதுவரைக்கும் கேட்டிருக்கீங்களா?"

"இல்ல" என்று ஏற்றினார். "வரிசையில முந்நூத்திப் பன்னெண்டு பேச்சு நிக்குது. முதல்ல வந்ததுதான் முதல்ல போகும். மொத்தத்தையும் அழிச்சுடட்டுமா? வேண்டியதைப் புதுசா சொல்லிக்கலாம்."

யோசித்தேன். சாம்பாரைப் பற்றி நான் சொல்லியிருந்தவை நியாயமானவை. வேண்டாம் என்றேன்.

ரயில் மதியம் இரண்டு பத்துக்கு. ஜன்னலோரம் மரகதம் உட்கார்ந்திருந்தாள். நான் வாய் திறந்ததும் வரிசை நகர ஆரம்பித்தது. சாம்பார், இஸ்திரி போடாத சட்டை, அவள் தம்பியின் நடத்தை, மறுபடி சாம்பார். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். இருநூற்றுத் தொண்ணூறாவதில் ரயில் கிளம்பியது. எனக்கு அழுகை வந்தது. வாய் மட்டும் ஓயவில்லை.

"போகாதே" வந்தபோது எதிரில் பெட்டியோடு ஒருவர் நின்றிருந்தார். வலுக்கட்டாயமாக ஏற்றிய டிரைவர் ஆள் பார்க்கவில்லை; அது அவரிடம் போய்ச் சேர்ந்தது.

"எங்கிட்ட யாரும் இப்படிச் சொன்னதில்ல சார்" என்று பெட்டியைக் கீழே வைத்தார். பெயர் இருதயராஜ். இருவரும் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம்.

திங்கட்கிழமை ரேஷன் அட்டையில் அவர் பெயரைச் சேர்க்கப் போனேன். என்ன உறவு என்று கேட்டார்கள். பயணி என்றேன். அதற்கென்று தனிப் படிவம் இருந்தது.