கோணல் வால்

மீனின் வாலில் நகக்கண் அளவு துண்டு போதும். அதைக் கழுவி, பொடிப்பொடியாக நறுக்கி, ஊட்டத் திரவத்தில் போட்டு வைத்தால் ஓரங்களிலிருந்து செல்கள் கிளம்பி வந்து குடுவையின் அடியில் பாய் விரித்த மாதிரி பரவும். அப்புறம் எந்த விஷத்தையும் அந்தச் செல்களிலேயே சோதித்துக்கொள்ளலாம், மீனைக் கொல்ல வேண்டியதில்லை. வேலூர் ஆய்வகத்தில் இதுதான் என் பிழைப்பு. மலை ஓடை மீனின் செல்லை இதுவரை எங்கள் ஆய்வகத்தில் யாரும் வளர்த்ததில்லை என்பதால், ஜவ்வாது மலையிலிருக்கும் என் ஊருக்கே போய் ஒரு மீன் கேட்டேன்.

எங்கள் அம்மன் கோயிலை ஒட்டிய மடுவில் யாரும் மீன் பிடிப்பதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவற்றுக்குப் பொரி போடுகிறவள் என் அக்கா மாதம்மாள். எனக்காக அம்மன் மேல் இரண்டு பூ வைத்து உத்தரவு கேட்டவளும் அவள்தான். வலது பக்கப் பூ விழுந்தது, அம்மன் சம்மதித்துவிட்டாள்.

"ஒரே மீனு. வாலு நுனி மட்டும். உசுரோட திரும்பி வந்துடும். எந்தம்பி பிரகாஷுக்கு நான் ஜவாப்தாரிங்க" என்று ஊர்க்கவுண்டரிடம் சொன்னாள்.

செல்கள் வளர்ந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குதூகலத்தில் ஒரு சனிக்கிழமை, ஆய்வகத்தில் மீன் இருந்த தொட்டியின் தண்ணீரை மாற்றுவதற்காகக் காற்று மோட்டாரின் ப்ளக்கைப் பிடுங்கினவன் திரும்பச் செருகவில்லை. திங்கட்கிழமை மீன் வெள்ளை வயிறு தெரிய மிதந்தது.

அன்றைக்கே போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்கிற மூஞ்சியா இது. போளூர் பக்கத்து ஏரியில் அதே அளவு கெண்டை ஒன்றை உயிரோடு வாங்கினேன். பார்வைக்கு அதே மீன்தான், வால் மட்டும் முழுசாக இருந்தது. போளூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாளியை வைத்து, கடையில் வாங்கிய கத்தரிக்கோலால் அந்தக் குறையையும் தீர்த்தேன். மீன் துள்ளியதில் வெட்டு கோணலாகிவிட்டது. அக்கா கும்பிட்டு அதை மடுவில் விட்டபோது பக்கத்தில் கைகட்டி நின்றேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

எட்டு மாதம் கழித்துக் குடுவைகளில் பூஞ்சை ஏறியது. கொஞ்சம் செல்லையாவது உறையவைத்துப் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு இன்னொரு மீன் கேட்க மலையேறினேன்.

"இன்னொன்னு இன்னாத்துக்குடா?" என்றாள் அக்கா. "அம்மன் குடுத்தது இங்கதான கீது. அதையே எடுத்துக்கினு போ. வாலு மொளச்சிடுச்சி. கொஞ்சம் கோணலா மொளச்சிக்கீது, அதான் எனக்கு அடையாளம்."

பொரியைத் தூவினாள். கோணல் வால் முந்திக்கொண்டு வந்து அவள் கையிலேயே தின்றது.

எடுத்துக்கொண்டு போனால் ஒருவருக்கும் தெரியாது. ஏரி மீனின் செல்லுக்கு மலை மீன் என்று சீட்டு ஒட்டுவேன், அதை நம்பி நாலு பேர் ஆராய்ச்சி செய்வார்கள். வேண்டாமென்றால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் எனக்காக ஊருக்கு முன்னால் பேசியவள் தலைகுனிய வேண்டும். வலையைத் தண்ணீரில் வைத்தேன். கோணல் வால் தானாகவே உள்ளே வந்தது. வலையைத் தூக்க என்னால் முடியவில்லை.

மோட்டார், ஏரி, எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீரைப் பார்த்தபடிதான் சொன்னேன்.

அக்கா பொரி தூவுவதை நிறுத்தினாள். பிறகு கேட்டாள்: "அப்ப இதோட வால வெட்னது யாரு?"

"நான்தான்."

"செல்லு வளக்கவா?"

"இல்லக்கா. நீ கண்டுபுடிச்சிடக் கூடாதுன்னு."

"அது செத்தது உன் மறதி. ஊர்ல நான் சொல்லிக்கிறேன்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "இது உன்ன இன்னாடா பண்ணிச்சி?"

மிச்சப் பொரியை மடுவில் கொட்டிவிட்டு எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தாள். என்னை வா என்று கூப்பிடவில்லை.

நான் வலையை அலசக் கையைத் தண்ணீரில் விட்டேன். பொரிதான் போடப்போகிறேன் என்று நினைத்து, கோணல் வால் என் விரலண்டை வந்து நின்றது.