அறுபது முனைகள்

பௌர்ணமியன்று காலை ஏழரை மணிக்கு நந்தினி லாரியின் பின்னால் நின்று இரும்புக் குழாய்களின் முனைகளை எண்ணினாள். ரமணாசிரமத்தைத் தாண்டி, செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் ராமதாஸ் என்பவரின் புது வீடு இருந்தது. சுவரெங்கும் பூச்சு முடிந்து, வாடகைக்கு எடுத்த சாரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றியிருந்தார்கள். சாரக் குழாய்கள் ஒரு பக்கம், பலகைகள் ஒரு பக்கம், ஜாக்கிகள் நடுவில். ஜாக்கி என்றால் தளம் போடும்போது அடியில் முட்டுக் கொடுக்கிற இரும்புக் கால். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் செருகியிருக்கும். நடுவில் உள்ள திருகைச் சுற்றினால் உயரும். எட்டு மணிக்கு மேல் கிரிவலப் பாதையில் லாரியை விட மாட்டார்கள். சந்தின் முனையில் போலீஸ்காரர் ஒருவர் தடுப்பை இழுத்துக்கொண்டிருந்தார், அதன் ஒற்றைச் சக்கரம் கீச்சிட்டது. அடுக்கை இறக்கி எண்ண நேரமில்லை. நந்தினி விரலை நீட்டி, வரிசை வரிசையாக, வட்ட வட்டமான முனைகளை எண்ணினாள். அறுபது இருந்தது. சீட்டில் கையெழுத்துப் போட்டு ராமதாஸிடம் கொடுத்தாள். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பொத்தானையும் போட்டார். வீட்டின் முன்கதவு சாத்தியிருந்ததை அவள் பார்த்தாள். பார்த்ததாக நினைவுக்கு வந்தது பிறகுதான்.

மறுநாள், சாரமும் ஜாக்கியும் வாடகைக்கு விடும் வேங்கிக்கால் யார்டில் லோடு இறக்கிய சுப்பன், ஜாக்கிகளைச் சுவரோரம் நிறுத்தி வைத்தான். ஐம்பது வயதைத் தாண்டியவன். எந்த இரும்பையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்காமல் உள்ளே விட மாட்டான். கையில் எப்போதும் ஒன்றரை அடி நீளத்துக்குக் கம்பித் துண்டு ஒன்று இருக்கும். சும்மா நிற்கிற குழாய் மணி போலக் கேட்கும் என்பான். விரிசல் விட்டது கரகரக்கும். பாரம் தாங்கி நிற்பது வாயே திறக்காது. அன்று அவன் தட்டிக்கொண்டே போனவன் கடைசியில் நின்றான்.

"அம்பத்திநாலு தான் கீது, மா."

நந்தினி எழுந்து வந்தாள். ஆறு ஜாக்கிகளில் உள்குழாயை உருவித் தனியாக வைத்து ஏற்றியிருந்தார்கள். லாரியின் பின்னாலிருந்து பார்க்கும்போது ஒன்று இரண்டாகத் தெரிந்திருக்கிறது. ஐம்பத்துநான்கு ஜாக்கிக்கு அறுபது முனை.

அதற்குள் யார்டு முழுக்கச் சிரிப்பு பரவிவிட்டது. "மேடத்த தலைய எண்ணச் சொன்னா காதையும் சேத்து எண்ணிட்டாங்கடா" என்று பலகை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவன் சொன்னான். அவளும் சிரித்து வைத்தாள். மூன்று மாதத்துக்கு முன்புவரை அவள் ஊருக்குள், முதலாளி பலராமனின் கடையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பில் போட்டவள். யார்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவளே கேட்டு வாங்கினாள். பொம்பளைப் பிள்ளையை இரும்புக்கு நடுவில் எப்படி விடுவது என்று பலராமன் ஒரு வாரம் யோசித்தார். இங்கே கூரை கிடையாது. காலையில் இரும்பு குளிர்ந்து கிடக்கும், பத்து மணிக்குத் தொட முடியாது, மாலையில் மலையின் நிழல் இன்ன இடத்துக்கு வந்தால் மணி இன்னது என்று சொல்லிவிடலாம். எது எந்த வீட்டுக்குப் போயிருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம். பஸ்ஸில் போகும்போது, அரைகுறையாக நிற்கும் ஒரு கட்டடத்தைப் பார்த்தால், சுவரைவிடச் சாரம்தான் முதலில் கண்ணில் படும். ஊரே அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகுவதுபோல அவளுக்குத் தோன்றும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ராமதாஸுக்குப் போன் செய்தாள். அவர் மூன்றாவது அழைப்பில் எடுத்தார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பத்தின் மேலிருந்து கீழே பேசிய பழக்கம் குரலில் இருந்தது.

"அறுபதும் குடுத்துட்டேன், மா. நீ கையெழுத்து போட்ட சீட்டு என் பீரோல கீது."

"சார், உள்கொழாய தனியா உருவி வெச்சிருந்தது. அதான் நான் ஜாஸ்தியா எண்ணிட்டேன். ஆறு ஜாக்கி உங்க எடத்துலயே நின்னுடுச்சா பாருங்க."

"எண்ணினது நீ தான?"

"நான்தான் சார்."

"அப்புறம் என்ன?" என்று வைத்துவிட்டார்.

பலராமன் கத்துகிற ஆள் இல்லை. கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் பெரிய கட்டடம் ஒன்றுக்கு லோடு போக வேண்டும்; ஆறு ஜாக்கி குறைந்தால் தளம் போடுவதே தள்ளிப்போகும். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஆறும் யார்டுக்கு வரணும். வரலன்னா திங்கக்கிழமைலேர்ந்து நீ கடைக்கே வந்துடு. மேல ஃபேன் இருக்குது, நெழல் இருக்குது, உனக்கும் நல்லது தான்." அந்தக் கடைசி வார்த்தைகளை அவர் அன்பாகத்தான் சொன்னார். நந்தினிக்கு மின்விசிறியின் சத்தம் காதுக்குள் கேட்கத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவளும் சுப்பனும் குட்டியானை வண்டியில் அந்தச் சந்துக்குப் போனார்கள். வழியில் சுப்பன், அவர் தரமாட்டேன் என்றால் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டான். தெரியவில்லை என்றாள். "சீட்டு அவர்கிட்ட, திட்டு நம்மகிட்ட" என்று சொல்லி அவனே சிரித்துக்கொண்டான். வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவன் இறங்காமல் பீடியைத் தேடினான். நந்தினி மட்டும் போய்க் கதவைத் தட்டினாள். பூசிய சுவரில் இன்னும் ஈரமான சிமெண்டு வாசனை இருந்தது.

கதவைத் திறந்தது ராமதாஸின் மனைவி ரேணுகாம்பாள். வந்தது யார் என்றுகூடக் கேட்கவில்லை. மேலே இரண்டு அறை கட்டியிருக்கிறார்கள், ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட, அதைப் பார்க்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டாள்போல. "உள்ள வா, மா. அவரு மொட்ட மாடில தொட்டி கழுவிக்கினு இருக்காரு. தீபத்துக்கு ரெண்டு ரூமும் புக் ஆயிடுச்சு. அதுக்கு மின்னாடின்னா பாக்கலாம்" என்றபடி மோர் எடுத்துவரப் போனாள்.

நந்தினி கூடத்தில் நின்றாள். கூடத்தில் ஆறு தூண்கள் இருந்தன.

மூன்று மூன்றாக இரண்டு வரிசை. சுவரின் அதே சந்தன நிறம். ஒவ்வொன்றின் நடுவிலும் பிளாஸ்டிக் சாமந்தி மாலையைச் சுற்றியிருந்தார்கள். ஒன்றில் மணிபிளாண்ட் ஏறத் தொடங்கியிருந்தது. எல்லாவற்றிலும் கண் உயரத்தில் மஞ்சளும் குங்குமமும். தூண் என்றால் இவ்வளவு மெல்லிசாகவா இருக்கும் என்று ஒரு கணம் யோசித்துவிட்டு அவள் அருகில் போனாள். மாலையை விலக்கினாள். கீழே, பெயிண்டுக்கு அடியில், திருகு இருந்தது. உளியால் வெட்டிய இரண்டு கோடுகள், பலராமன் கடையின் அடையாளம், விரலுக்குத் தட்டுப்பட்டன. பிறகு அண்ணாந்து பார்த்தாள். இரண்டு வரிசைக்கும் மேலே உத்தரம் ஓடியது. அதன் நடுவில் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, மறுபடியும் பட்டி பார்த்த தடம். அந்தத் தடத்தின் ஊடாகவே மயிரிழை போல ஒரு கோடு திரும்ப வந்திருந்தது.

ரேணுகாம்பாள் மோரைக் கொடுத்தாள். "நல்லாருக்குதா? இவருதான் தூண் வெக்கணும்னு ஒரே புடியா நின்னாரு. பாக்கறவங்கெல்லாம் அரண்மன மாதிரி இருக்குதுங்கறாங்க."

"நல்லாருக்குதுங்க" என்றாள் நந்தினி.

மாடிப்படியில் ஈரக் கால்களோடு இறங்கி வந்த ராமதாஸ், அவளைப் பார்த்ததும் நான்கு படிகள் மேலேயே நின்றுவிட்டார். அவள் கை இன்னும் அந்த மாலையின்மேல் இருந்தது. அவர் மனைவியைப் பார்த்தார், பிறகு நந்தினியை. "ரேணுகா, மேல மோட்டார் ஓடுது. போய் நிறுத்து" என்றார். அவள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு மாடிக்குப் போனாள்.

அவர் கீழே வந்ததும் குரலும் இறங்கியிருந்தது.

"ஆவணி முகூர்த்தத்துக்குள்ள கூடமாவது முடியணும்னு தளம் இறுக நாள் ஆவறதுக்கு மின்னாடியே முட்ட எடுக்கச் சொன்னேன். மேஸ்திரி வேணாம்னான். முப்பது வருசம் கம்பம் நட்டவன்டா நானு, எனக்குத் தெரியாதாடான்னேன்." தாடையைத் தேய்த்தார். "பத்தாம் நாளு கோடு வுட்டுச்சு. அவனே வந்து ஆறு ஜாக்கிய நிறுத்திட்டு, கொஞ்ச நாள் இருக்கட்டும்னு போனான். இப்ப போன எடுக்கறதே இல்ல."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே சார். இன்னும் ஆறு மாசம்கூட வெச்சிருந்திருக்கலாம்."

"சொன்னா எதுக்குன்னு கேப்பீங்க. ஊரெல்லாம் உங்க ஆளுங்க. அந்த வூட்டு தளம் நிக்காதாம்னு ஒரு வார்த்த போதும். மேல யாரு வந்து தங்குவான்?" அவர் தூணைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "நான்தான் உருவி வெச்சேன். நீ அவசரத்துல இருந்த. பாத்தேன்."

நந்தினிக்குக் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. பௌர்ணமியன்று விடியற்காலையில், வெளியே ஜனங்கள் மலையைச் சுற்றிப் போய்க்கொண்டிருக்க, இந்த மனிதர் தனியாக நின்று ஒவ்வொரு குழாயாக உருவிக்கொண்டிருந்ததை அவள் மனசுக்குள் கண்டாள். அதைவிட, அந்த ஆறையும் எடுத்துக் குட்டியானையில் போட்டால் திங்கட்கிழமை காலை அவள் எங்கே நிற்பாள் என்பதும் தெளிவாகத் தெரிந்தது: யார்டில், குளிர்ந்த இரும்புக்கு நடுவில். கேட்கிற உரிமை அவளுக்கு இருந்தது. ஒரு குரல் கொடுத்தால் சுப்பன் அரை மணியில் கழற்றிவிடுவான். இரும்பு அவர்களுடையது.

"இன்ஜினியர் யாரையாவது கூட்டியாந்து காட்டுங்க சார்."

"காட்னா இடிக்கச் சொல்லுவான்."

"இடிக்காமலும் வழி இருக்கும். அதுவரைக்கும் மேல யாரையும் தங்க வெக்காதீங்க. தீபத்துக்கும் தான்."

அவர் மாடிப்படியை ஒருமுறை பார்த்தார். தலையசைத்ததுபோல இருந்தது, இல்லை என்றும் சொல்லலாம்.

அவள் வாசலுக்குப் போய்ச் சுப்பனைக் கூப்பிட்டாள். அவன் கழற்றுவதற்கான சாமான் பையோடு வந்தான், உள்ளே நுழைந்ததும் ஆறையும் பார்த்துவிட்டு, அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே விட்டான். பையைத் தரையில் வைத்தான். கம்பித் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு முதல் காலைத் தட்டினான். சத்தமில்லை, மரத்தில் தட்டியதுபோல. இரண்டாவதும் அப்படியே. அவன் சொல்லாமலே நந்தினியும் ராமதாஸும் அவன் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஐந்தாவது வரைக்கும் இரும்பு வாய் திறக்கவில்லை.

"அந்த மூலைத் தூணு," என்று மாடிப்படியிலிருந்து ரேணுகாம்பாளின் குரல் கேட்டது. எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றாள். "வெயில் ஏறுச்சுன்னா டக்கு டக்குனு ஒரு சத்தம் வருது. தெனமும் வருது. அதையும் பாத்துடு, மா."

ராமதாஸ் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

சுப்பன் ஆறாவதைத் தட்டினான். அது நீளமாக ஒலித்தது. கூடம் முழுக்கச் சுற்றி வந்து அடங்க நேரம் எடுத்தது.

நந்தினியின் தோள்பைக்குள் போன் அதிர்ந்தது. இந்த நேரத்தில் பலராமனைத் தவிர வேறு யாரும் கூப்பிட மாட்டார்கள். அவள் பையைக் கழற்றி ஜன்னல் திண்டில் வைத்தாள், மாலையை மேலே தள்ளிவிட்டு, சுப்பனிடமிருந்து கம்பியை வாங்கித் திருகின் துளையில் செருகினாள். பெயிண்டு இறுகிப் பிடித்திருந்தது. முழு எடையையும் போட்டு இழுத்ததும் சந்தன நிறப் பொருக்குகள் உதிர, அது அசைந்தது.

"மெள்ள, மா. தூக்கக் கூடாது. உத்தரத்தப் போய்த் தொட்டா போதும்" என்றான் சுப்பன்.

அரைச் சுற்று. இன்னும் கால் சுற்று. மேலேயிருந்து வெள்ளைத் தூள் கொஞ்சம் இறங்கி, அவள் மணிக்கட்டிலும் பிளாஸ்டிக் சாமந்தியிலும் படிந்தது. போன் நின்றது, மறுபடியும் தொடங்கியது. ஜன்னல் திண்டில் பை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்தது. அவள் கம்பியை உருவி, அதே கம்பியால் அந்தக் காலை மெல்லத் தட்டினாள். நான்கு பேரும் காது கொடுத்து நின்றார்கள்.