அழித்து வைத்த விடைகள்

பட்டாணி கணக்குப் புத்தகத்தை மறுபடியும் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, சாவித் துவாரத்தில் எட்டிப் பார்ப்பது போல ஒரு பார்வை. அப்புறம்தான் விடையை எழுதினாள். ஒன்பது வயதாகியும் பட்டாணி என்ற செல்லப் பெயர் அவளை விடவில்லை. அதே மேஜையின் மறுகோடியில், தையல் மிஷினில் யாருடைய கால்சட்டையையோ உயரம் குறைத்துக்கொண்டிருந்த அம்மா, பார்த்தும் பார்க்காதது போல மிதித்தாள். பெண்ணுக்குக் கண்ணில் கோளாறு என்று அவள் முடிவு கட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. கண்ணாடி என்றால் செலவு. அதனால் வாயைத் திறக்கவில்லை.

பள்ளிக்கூடத்தை நிறுத்தியது போன வருஷம். கட்டணம் ஏறியது, பஸ் செலவு ஏறியது, வாடகை ஏறியது. வேன் ஓட்டும் அப்பாவின் சம்பளம் மட்டும் இருந்த இடத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. வீட்டிலேயே படிக்க வைக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை கல்வி அலுவலகத்துக்குப் போய்ப் பிள்ளை தேர்வு எழுதிக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் அனுமதி போய்விடும், காசு இருக்கிறதோ இல்லையோ பள்ளியில் சேர்த்தே ஆக வேண்டும். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட அன்று அம்மா அழுதாள். அதுதான் கடைசி. பிறகு மனசு மரத்துப் போய்விட்டது. எண்ணெய் விலை ஏறினாலும் சரி, கேஸ் விலை ஏறினாலும் சரி, அவளிடமிருந்து வருவது ஒரு "சரி"தான்.

புத்தகங்களைப் பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கியிருந்தார்கள். முன்பு வைத்திருந்த பிள்ளை யார் என்று தெரியாது. கெட்டிக்காரப் பிள்ளை, பென்சிலை அழுத்திப் பிடித்து ஒரு கணக்கு விடாமல் போட்டு முடித்திருந்தது. தினமும் காலையில் சோறு கொதிக்கும் நேரத்தில் அம்மா இரண்டு பக்கங்களை அழிப்பாள். ரப்பர் தூளை ஊதித் தள்ளி, புறங்கையால் தடவி, பக்கம் வெள்ளை வெளேரென்று ஆனதும் மூடி வைப்பாள். வேறு எதிலும் இல்லாத ஒரு சின்னப் பெருமை அவளுக்கு இதில் இருந்தது.

பலனும் தெரிந்தது. ராத்திரியில் அப்பா சரிபார்க்கும்போது பட்டாணி போட்ட கணக்கெல்லாம் சரியாக வந்தது. அவர் இதைத் தான் வேன் ஓட்டும் கிடங்கில் எல்லோரிடமும் சொல்லி முடித்து, கேட்க ஆள் இல்லாமல் காவலாளியிடம் இரண்டாம் முறையும் சொல்லிவிட்டு வந்தார்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கண்ணாடிக் கடை ஒன்றில் பரிசோதனை இலவசம் என்று போட்டிருந்ததைக் கேள்விப்பட்டு அம்மா பெண்ணை இழுத்துக்கொண்டு போனாள். பட்டாணி சுவரில் மாட்டிய பலகையின் கடைசி வரிப் பொடி எழுத்தைக்கூடக் கடகடவென்று படித்தாள். கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றார் கடைக்காரர். வந்ததுதான் வந்தீர்கள் என்று அம்மாவையும் உட்கார வைத்துக் கையில் ஒரு அட்டையைக் கொடுத்தார். மேலே இருந்த பெரிய எழுத்துகள் தவிர மற்றவையெல்லாம் அவளுக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தன.

"கண்ணாடி உங்களுக்குத்தாம்மா வேணும்," என்றார் அவர்.

அப்புறம் பார்க்கலாம் என்று அம்மா எழுந்துவிட்டாள். ஊசியில் நூல் கோத்துத் தரத்தான் பட்டாணி இருக்கிறாளே. கண் நன்றாக இருக்கிற பெண் புத்தகத்தை எதற்குச் சாய்த்துப் பார்க்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. செலவு இல்லை என்றதுமே அவள் யோசனை நின்றுவிட்டது.

தேர்வு அறையில் ஒரு நீள மேஜை, ஒரு ஜன்னல், சுவரோரம் அம்மாவுக்கு ஒரு நாற்காலி. அதிகாரியம்மா சாந்தமானவர். முதலில் ஒரு பாடத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். பட்டாணி தங்குதடையில்லாமல் வாசித்தாள். அடுத்து அச்சடிக்கும் மிஷினிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த கணக்குத் தாளை அவள் முன்னால் வைத்தார்.

பட்டாணி அதை ஜன்னல் பக்கம் சாய்த்தாள். இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, இதுல யாரும் எழுதலம்மா."

அதிகாரியம்மா சிரித்தார். "புதுப் பேப்பர் கண்ணு. நீதான் எழுதணும்."

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கெட்டிக்காரப் பிள்ளை அழுத்தி அழுத்தி எழுதிய தடம் ரப்பருக்குப் போகாமல் காகிதத்தில் பள்ளமாகவே இருந்திருக்கிறது. ஒரு வருஷமாக இவள் கணக்குப் போடவில்லை. வெளிச்சத்தில் தடத்தைப் பார்த்துப் பார்த்து அதன் மேலேயே எழுதியிருக்கிறாள். அம்மாவின் கண்ணுக்கு மட்டும் அது வெறும் வெள்ளைத் தாள்.

வாசிப்பில் தேறினாள். கணக்கில் இருபதுக்கு மூன்று. இரண்டிலும் தேறினால்தான் அனுமதியைப் புதுப்பிக்க முடியும், தன் கையில் எதுவும் இல்லை என்று அதிகாரியம்மா வருத்தத்தோடுதான் சொன்னார். கடிதத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார். அம்மா "சரி" என்றாள்.

பஸ் நிறுத்தத்தில் பெஞ்சில் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் அம்மா கேட்டாள்.

"எப்போலேருந்து இப்படிப் பாத்து எழுதுற?"

"மொதல்லேருந்தே." பட்டாணியின் முகத்தில் திருட்டுத்தனம் துளிகூட இல்லை. "நீதானம்மா தெனமும் அழிச்சு அழிச்சு வெச்ச. நான் கண்டுபிடிக்கணும்னுதானே?"

அம்மாவுக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அழுகை வரவில்லை.

"ஆமா," என்றாள்.

கடிதத்தைப் பையிலிருந்து எடுத்துக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். முத்திரை மட்டும் நீலமாகத் தெரிந்தது. எந்தத் தேதிக்குள் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று போட்டிருக்கிறது, படி என்று பெண்ணிடம் கொடுத்தாள். பட்டாணி முதல் வரியிலிருந்து ஆரம்பித்து, ஒரு எழுத்துப் பிசகாமல், அம்மா சொல்லிக் கொடுத்தபடி நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தி, முழுவதையும் படித்துக் காட்டினாள்.