முட்டுக் கொடுத்தவன்

கஷ்பார் சோர்பாவுக்கு அன்று விடிந்ததிலிருந்தே கோபம். திட்டுவதற்கு ஆள் அகப்படாமல் கொட்டிலில் இருந்த வாளியை எட்டி உதைத்தார். வாளி எதிர்த்துப் பேசாததால் கோபம் இன்னும் ஏறியது.

திங்கட்கிழமை இறைச்சி வியாபாரியின் லாரி வந்து அவருடைய குதிரை ஸெல்லோவை ஏற்றிக்கொண்டு போகப் போகிறது. வரச்சொன்னவரும் அவரேதான். இரட்டைக் குதிரை வண்டியில் ஸெல்லோவுக்கு இடது பக்கம் ஓடிய லாட்டோர் போன இலையுதிர் காலத்தில் செத்துப்போனான். அதன் பிறகு ஸெல்லோவைத் தனியாகச் சின்ன வண்டியில் பூட்டினால் நேராகப் போக மாட்டேன் என்கிறான். இடது பக்கமாகவே சாய்கிறான், சாய்ந்து சாய்ந்து பள்ளத்தில் விழுகிறான். லாடம் மாற்றிப் பார்த்தார். சேணம் மாற்றிப் பார்த்தார். லாடம் அடிக்கிறவனோடு சண்டையும் போட்டுப் பார்த்தார். போன வாரம் மனைவி மர்கித்தையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டான். அன்றைக்குத்தான் லாரிக்காரனுக்கு ஆள் அனுப்பினார். அனுப்பிவிட்டு ராத்திரி ரொட்டியைத் தொடவில்லை.

மர்கித் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருக்கிற பெண் இல்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எலும்புக்கொல்லனை வரச்சொல்லிவிட்டாள். முதுகெலும்பைக் கையால் தடவிப் பார்த்து, நெட்டி முறித்து, இடத்தில் உட்கார வைக்கிறவர்களுக்கு எங்கள் சமவெளியில் அதுதான் பெயர்.

வந்தது ஒரு பெண். பெயர் எமெஷெ. காரின் கதவில் "குதிரை, நாய், அவற்றின் முதலாளிகள்" என்று எழுதியிருந்தது.

"முதலாளி கடைசியிலயா?" என்றார் கஷ்பார்.

"எப்பவும் கடைசியிலதாண்ணே வலிக்குதுன்னு ஒத்துக்கறாங்க," என்றாள் அவள்.

"கொல்லன்னு சொன்னாங்க. சுத்தியலைக் காணோமே?"

"சுத்தியல் வேணும்னா உன் வாயே போதும்யா," என்றாள் மர்கித். "வழிய விடு. டாக்டரம்மா படிச்சவங்க. மொதல்ல மனுசனுக்குப் படிச்சிட்டு, அப்புறம் மிருகத்துக்கும் படிச்சிருக்காங்க."

"கழுத்த திருகிட்டுக் காசு கேக்கப் போறா," என்று கஷ்பார் முணுமுணுத்தார். ஆனாலும் வழி விட்டார்.

எமெஷெ ஒரு வைக்கோல் கட்டை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். ஸெல்லோவின் பிடரிக்குக் கீழே கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். விரல்கள் ஒவ்வொரு எலும்பாக இறங்கின. ஓரிடத்தில் நின்றன, திரும்பி ஏறின, மறுபடி இறங்கின. ஊரில் ஒருவரையும் பக்கத்தில் அண்டவிடாத ஸெல்லோ தலையைத் தொங்கப்போட்டு நின்றான். கஷ்பாருக்கு அது பிடிக்கவும் இல்லை, அதிலிருந்து கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

"இவன் பக்கத்துல யாருண்ணே நின்னது?" என்றாள் எமெஷெ, கண்ணைத் திறக்காமலே.

கஷ்பார் மர்கித்தை முறைத்தார்.

"என்ன ஏன்யா மொறைக்கற? குதிரை விழுதுன்னுதான் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல, சத்தியமா!"

"இடது பக்கம் நின்னிருக்கான்," என்றாள் எமெஷெ. "இவனவிடக் குள்ளம். ரொம்ப வருசம் இவன் தோள்ல ஒட்டிக்கிட்டே ஓடியிருக்கான். எலும்பு அவனுக்கேத்த மாதிரி வளைஞ்சு கொடுத்திருக்கு."

கஷ்பார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரியாது.

எமெஷெ கீழே இறங்கினாள். மூலையில் படுத்திருந்த கொரோமைக் கூப்பிட்டாள். கறுப்புச் சடை சடையாக முடி தொங்கும் மந்தை நாய் அது, மாட்டையே மிரட்டுகிற வாய்க்காரன். அவன் வந்து அவள் முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்தான். சடைக்குள் விரலை விட்டுக் கழுத்தைத் தடவினாள்.

"இவன் வண்டியோட ஓடினவன். எப்பவும் ஒரே பக்கம் அண்ணாந்து பாத்துப் பாத்துக் கழுத்து அப்படியே நின்னுபோச்சு. அந்தக் குள்ளனத்தான் பாத்திருக்கான்."

"இவன் லாட்டோருக்கு வெளிப்பக்கமாத்தான் ஓடுவான்," என்றார் கஷ்பார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "படுத்துத் தூங்கறதும் அவன் விலாவ ஒட்டித்தான்."

"இப்ப நீங்க வாங்க."

"நானா? எனக்கென்ன கேடு? கல்லாட்டம் இருக்கேன்."

"கல்லுதான்," என்றாள் மர்கித். "கோணக்கல்லு. ஒரு தோள் வானத்தப் பாக்குது, ஒரு தோள் பாதாளத்தப் பாக்குது. உனக்குச் சட்டை தைக்கறதுக்குள்ள என் உசுரு போகுது."

கஷ்பார் முக்காலியில் உட்கார்ந்தார். முதுகில் அவள் கை பட்டதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. மெல்லிய கைதான், ஆனால் அது தேடுவதை நிறுத்தவே இல்லை.

"கடிவாளத்துக்கு மசியாத, வாய் கெட்டியான குதிரைண்ணே அந்தக் குள்ளன். வாரை இழுத்துப் புடிச்சே உங்க இடது தோள் எறங்கிருச்சு."

"போக்கிரி! லாட்டோர்னா அதான அர்த்தம். அதனாலதான் அந்தப் பேரே வெச்சேன்."

எமெஷெ அவர் முதுகிலிருந்து கையை எடுத்தாள். எழுந்து மறுபடியும் ஸெல்லோவிடம் போனாள். இடது தோளிலும் விலாவிலும் காதை வைக்காத குறையாகக் கையை வைத்து நின்றாள்.

"அவனுக்குக் கால் வலி இருந்துச்சா?"

"லாட்டோருக்கா? சேச்சே! சாகறதுக்கு மொத நாள்கூட ஓடினான்."

"இல்லண்ணே, இருந்திருக்கு. வலது பின்னங்கால். கடைசிக் காலத்துல அவனால பாரம் ஊன முடியல. அதான் மொத்த எடையையும் இவன் மேல சாச்சிட்டான். இவன் வெலகல. எதிர்த்து நின்னு தாங்கியிருக்கான். ஓடும்போதும், நிக்கும்போதும். அதனாலதான் ஒருத்தருக்கும் தெரியல." அவள் குரலும் இறங்கிவிட்டது. "இப்பவும் தாங்கிக்கிட்டுத்தான் நிக்கறான். அந்தப் பக்கம் ஆளில்ல. அதான் விழறான்."

கஷ்பார் எமெஷெவின் விரல்களையே பார்த்தார். அவள் லாட்டோரைக் கண்ணால் பார்த்ததில்லை. அவன் மண்ணுக்குள் போய் மாதக்கணக்காகிறது. ஆனால் அவன் உயரம், அவன் முரட்டுத்தனம், ஒருவருக்கும் சொல்லாமல் ஒளித்து வைத்த வலி எல்லாமே இந்த மூன்று முதுகுகளிலும் இருந்திருக்கிறது. அதை ஒரு பெண் விரலால் தொட்டுப் படித்துவிட்டாள். அடேயப்பா! கோயிலில்கூட அவர் இப்படி நின்றதில்லை. அதோடு, நண்பனைத் தாங்கிய குற்றத்துக்காகவா இவனை லாரியில் ஏற்றப் பார்த்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

"நிமித்திரலாமா?" என்றார்.

"நிமித்தலாம். ஆனா மூணு பேரும் நிமிரணும். ஓட்டறவன் கோணலா உக்காந்தா குதிரையும் கோணிரும்."

கஷ்பார் இடது தோளைப் பிடித்துக்கொண்டார். "இதுலதாம்மா அவன் இன்னும் இழுத்துக்கிட்டிருக்கான். இதையும் நிமித்திட்டா அவன் எங்க இருப்பான்?"

மர்கித் அவர் பக்கத்தில் வந்தாள். "செத்தவன் செத்துட்டான்யா. தாங்கினவன் உசிரோட நிக்கறான். அவனப் பாரு."

கஷ்பார் பார்த்தார். ஸெல்லோ நான்கு காலிலும் நின்றுகொண்டுதான் இருந்தான், ஆனாலும் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே நின்றான். இத்தனை மாதம் அதைப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"செய்ம்மா," என்றார்.

எமெஷெ வைக்கோல் கட்டின்மேல் ஏறி, இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சுருக்கென்று ஒரு தள்ளு தள்ளினாள். இன்னோர் இடத்தில் இன்னொன்று. ஸெல்லோ திடுக்கிட்டுக் காதை விடைத்தான். பிறகு உதட்டை நக்கினான். அப்புறம் பல்லெல்லாம் தெரியக் கொட்டாவி விட்டான், மறுபடியும் விட்டான், பல நாள் தூக்கத்தை அப்போதுதான் நினைத்துக்கொண்டவனைப் போல. கொரோமின் கழுத்துக்கு இரண்டு விரலே போதுமாயிருந்தது. அவன் சடையை உதறி எழுந்து இடது பக்கம் திரும்பிப் பார்த்தான். அந்தப் பக்கத்தில் ஓர் உலகம் இருப்பதே அவனுக்கு மறந்திருந்தது.

கஷ்பாரின் தோளில் 'மடக்'கென்று சத்தம் கேட்டது. வலிக்கவே இல்லை. ஆனால் கண்ணில் தண்ணீர் கொட்டியது, நிற்கவே இல்லை. லாட்டோரைப் புதைத்த அன்று வராத தண்ணீர்.

"அழுவுய்யா," என்றாள் மர்கித், தானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இதையும் உள்ளயே வெச்சிருந்தா தோள் எறங்காம என்ன பண்ணும்?"

மத்தியானம் வண்டி பூட்டினார்கள். எமெஷெவும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொரோம் குரைத்துக்கொண்டே இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடினான். ஸெல்லோ முதல் வளைவைத் தாண்டினான். மர்கித்தைக் கவிழ்த்த பள்ளத்தைத் தாண்டினான். நூல் பிடித்தாற்போல நேராகப் போனான்.

கஷ்பார் திரும்பி வீட்டைப் பார்த்துக் கத்தினார். "மர்கித்! அந்த லாரிக்காரனுக்கு போன் போடு! இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுத்தான்னா காலை ஒடிச்சிருவேன்னு சொல்லு!"

அப்புறம் வாய்க்கால் பாலம் வந்தது. லாட்டோர் போன பிறகு ஸெல்லோ இவ்வளவு தூரம் வந்ததே இல்லை. ஒரு வண்டி மட்டும் போகிற குறுகலான பாலம். பாலத்தில் கால் வைத்ததும் ஸெல்லோ நடையைக் குறைத்தான். தானாகவே வலது ஓரத்துக்கு ஒதுங்கினான். கைப்பிடிச் சுவரை ஒட்டி, இடது பக்கத்தில் ஒரு குதிரை நடக்கிற அளவுக்கு இடம் விட்டு நடந்தான்.

கஷ்பார் எமெஷெவைப் பார்த்தார்.

"முதுகு நேராத்தாண்ணே இருக்கு," என்றாள் அவள் மெதுவாக. "இது எலும்புல இல்ல. இங்க என் கை எட்டாது."

வலது சக்கரம் கறகறவென்று சுவரை உரசியது. கொஞ்சம் இடது வாரை இழுத்தால் போதும். கஷ்பார் இழுக்கவில்லை. பாலம் முடியும்வரை உரசட்டும் என்று விட்டுவிட்டார்.